ஒருவழி வானம்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து ஊர்களில் எந்த மொட்டைமாடியில் ஏறி நின்றாலும் டிஷ் தட்டுகள் எல்லாம் ஒரே பக்கம் முகம் திருப்பியிருப்பதைப் பார்க்கலாம். தெற்கும் கிழக்கும் கூடுகிற மூலை அது. உற்றுப் பார்த்தால் தட்டுக்குத் தட்டு சின்ன வித்தியாசம் இருக்கும். நன்றாக மல்லாந்து தெற்குப் பக்கம் சாய்ந்திருந்தால் அது 83 டிகிரி கிழக்கில் நிற்கிற செயற்கைக்கோளைப் பார்க்கிறது. ஏறத்தாழ நேர் கிழக்கே திரும்பி நிமிர்ந்திருந்தால் 108. இரண்டுக்கும் நடுவில் இருப்பவை 88, 93.5, 95 என்று ஏதோ ஒன்றைப் பார்ப்பவை. உப்புக்காற்றில் எங்கள் ஊர்த் தட்டுகளில் பெயிண்ட் சீக்கிரம் உரிந்துவிடும். கம்பெனிப் பெயர் தெரியாது. அப்போதும் டிஷ் மெக்கானிக் தெருவில் நின்றபடியே இது இன்னாருடைய தட்டு என்று சொல்லிவிடுவார். சாய்வைப் பார்த்துத்தான் சொல்கிறார்.

இந்தத் தென்கிழக்கு மூலை எங்களுக்குப் புதிதல்ல. சென்னைத் தூர்தர்ஷன் எங்கள் பக்கம் எட்டாத 1980களில், இரும்புக் குழாய்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகி, உச்சியில் அலுமினிய ஆன்டெனாவைக் கட்டி, இலங்கைப் பக்கம் திருப்பி வைத்திருந்தோம். 1982இல் தொடங்கிய ரூபவாஹினி கடல் தாண்டி எங்கள் வீடுகளுக்கு வந்தது. கிரிக்கெட் வந்தது, இங்கிலீஷ் படம் வந்தது, ஒரு வார்த்தை புரியாத சிங்கள நாடகத்துக்கும் வீட்டு வாசல்வரை ஆள் உட்கார்ந்திருந்தது. வெக்கையான சில இரவுகளில் படம் துல்லியமாக வரும். மறுநாள் வெறும் புள்ளிகள்தான். கடல்மேல் காற்று எப்படியோ அன்றைக்குப் படமும் அப்படி. யாரும் யாரையும் குறைசொல்லவில்லை. அது நமக்காக அனுப்பப்பட்டதல்ல என்று எல்லோருக்கும் தெரியும்.

அதே கடலுக்கு அந்தப் பக்கம், கொழும்பில்தான் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் குடியிருந்தார். 1945 அக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கோளை நிறுத்தினால் அது பூமி சுழலும் அதே கதியில் சுற்றும்; கீழே இருப்பவருக்கு ஆகாயத்தில் அசையாமல் நிற்பதாகத் தெரியும்; அப்படி மூன்று இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம். 30 ஆண்டுகள் கழித்து, 1975 ஆகஸ்டிலிருந்து ஓராண்டுக்கு இந்தியா அதைச் செய்து பார்த்தது. அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குப் பயிர், உடல்நலம், பள்ளிப்பாடம் பற்றிய நிகழ்ச்சிகளை அனுப்பினார்கள். அந்தச் சமயத்தில் இஸ்ரோ பொறியாளர்கள் கொழும்புக்குப் போய் கிளார்க் வீட்டிலும் ஒரு பெரிய தட்டை நிறுவிக் கொடுத்தார்கள். ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனாலும் அந்த ஏற்பாட்டின் வரிசையை நான் மறப்பதில்லை. ரோடு, கரண்டு, ஆஸ்பத்திரி எல்லாம் பட்டணத்துக்கு வந்து மிஞ்சியதுதான் பட்டிக்கு வரும். வானத்திலிருந்து வரும் படம் மட்டும் இந்த நாட்டில் பட்டிக்குத்தான் முதலில் வந்தது.

பிறகு நடந்தது வேறு கதை. 1991இல் ஸ்டார் டிவியை இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஏசியாசாட்-1, ஏற்கெனவே ஒருமுறை தொலைந்துபோன கோள். வேறு பெயரில் 1984இல் ஏவப்பட்டு, தவறான பாதையில் மாட்டி, அதே ஆண்டு நவம்பரில் டிஸ்கவரி விண்ணோடத்தில் போனவர்கள் கையால் பிடித்துக் கீழே கொண்டுவந்து, பழுதுபார்த்து 1990இல் மறுபடி மேலே அனுப்பியது. அதன் படம் பட்டணங்களில் இறங்கியது. ஆளுயரத் தட்டு வாங்க வசதி இருந்தவர் வாங்கினார், அங்கிருந்து தெருத்தெருவாக ஒயர் இழுத்தார், கேபிள்காரர் ஆனார். 1993 சித்திரை முதல் தேதி சன் டிவி வந்தபின் அந்த ஒயர் இல்லாத வீடு பட்டணத்தில் அபூர்வம். எங்கள் வீட்டுக்கு அது வரவில்லை. கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம், ஊர் முடிந்து பனங்காடு தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு. நடுவில் கம்பம் நட வேண்டும், அதற்கான காசு நாலு வீட்டு மாத வாடகையில் திரும்பாது என்று கேபிள்காரர் கணக்குப் போட்டுச் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான். அவருக்கும் குடும்பம் இருந்தது.

2008இல் நாங்கள் டிடிஎச் வாங்கினோம். அதற்குமுன் 2003இலிருந்தே இந்தியாவில் தனியார் சேவை இருந்தது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷனும் மாதக் கட்டணமில்லாத சேவையைத் தொடங்கிவிட்டது. எங்கள் பக்கம் அலை அடித்தது 2007க்குப் பிறகுதான். டவுனில் ரீசார்ஜ் கடை வைத்திருந்த தம்பிதான் பைக்கில் தட்டைக் கட்டிக்கொண்டு வந்தார். மாடியில் அவர், நடுப்படியில் என் தங்கை மகன், கீழே டிவிக்கு முன்னால் அம்மா.

“ஆத்தா, கோடு ஏறுதா பாருங்க.”

“மேல உள்ளது ஏறுச்சுய்யா. கீழ உள்ளது அப்பிடியே கெடக்கு.”

“மேல உள்ளத விடுங்க. அது எப்பவும் ஏறும். கீழ உள்ளதப் பாத்துச் சொல்லுங்க.”

அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை. பிற்பாடு அவரே சொல்லித் தந்தார். திரையில் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று ஸ்ட்ரெங்த், மற்றது குவாலிட்டி. தட்டின் கை நுனியில் இருக்கிற எல்என்பிக்கு மின்சாரம் போய்விட்டாலே முதல் கோடு ஏறிவிடும். தட்டு வெறும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஏறும். பார்க்க வேண்டிய கோளைச் சரியாகப் பார்த்தால்தான் இரண்டாவது ஏறும். அந்த இரண்டாவது கோட்டுக்காகத்தான் அவர் போல்ட்டைத் தளர்த்துவதும், தட்டை ஒரு நெல்மணி அளவு தள்ளுவதும், மறுபடி முடுக்குவதுமாக வெயிலில் நின்றார். எங்கள் ஊர் 9 டிகிரி அகலாங்கில் இருப்பதால் எங்கள் தட்டு பார்க்கிற 93.5 டிகிரிக் கோள் ஏறத்தாழ தலைக்கு மேலேயே நிற்கிறது. அடிவானத்திலிருந்து அளந்தால் 69 டிகிரி உயரம். டெல்லியில் அதே கோளுக்கு 52தான். அதனால் அங்கே தட்டு நிமிர்ந்து நிற்கும், இங்கே மல்லாந்திருக்கும். “வடக்க வேல பாத்துட்டு வந்த பசங்களுக்கு இங்க கை பழக ஒரு வாரம் ஆகும்ணே” என்றார். அந்தக் கையின் பழக்கத்தை நான் பெரிய வித்தையாகவே மதிக்கிறேன். 36,000 கிலோமீட்டர் தள்ளி நிற்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளை, ஸ்பேனரையும் கீழே இருக்கிற ஒரு கிழவியின் குரலையும் வைத்துக்கொண்டு பிடித்துவிடுகிறார்கள்.

கம்பத்தைத் தாண்டிக் கேபிள் வர முடியாத நாலு வீடுகளுக்கும் அந்த மாதமே படம் வந்துவிட்டது. வால்பாறை எஸ்டேட் லயன்களிலும் கொல்லிமலையிலும் தட்டுகள் முளைத்ததைப் பின்னால் நானே பார்த்தேன். மன்னார் வளைகுடாக் கரையில் ஓலைக் குடிசையை ஒட்டிக் கம்பு நட்டுத் தட்டு வைத்திருந்தார்கள். மயிலாப்பூருக்கு வந்த அதே படம், அதே துல்லியத்தில், அதே நொடியில் அங்கேயும் வந்தது. வானத்துக்குக் கடைசி வீடு கிடையாது. ஒரு கோளுக்குச் சென்னையும் எங்கள் பனங்காடும் ஏறத்தாழ ஒரே தூரம். இந்தச் சேவையிடம் எனக்கு எத்தனையோ மனக்குறைகள் இருந்தும் இத்தனை காலம் விட்டுப் போகாமல் இருந்ததற்கு இந்த ஒன்று போதும்.

மனக்குறைகளில் முதலாவது மழை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் படம் முதலில் கட்டம் கட்டமாகச் சிதறும். குரல் அறுந்து அறுந்து வரும். பிறகு நீலத்திரையில் ஒரு இங்கிலீஷ் வாசகம் வந்து நின்றுவிடும். பழைய ஆன்டெனாக் காலத்தில் படம் கெட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கெடும். புள்ளிகளுக்கு ஊடாகச் செய்தி வாசிப்பவர் முகமாவது தெரியும், குரல் கேட்கும். டிஜிட்டலில் பாதிப் படம் என்று ஒன்று இல்லை. முழுதாக இருக்கும், அல்லது இருக்காது. வீட்டுத் தட்டுக்கு வருகிற கேயு-பேண்டு அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். அலை குட்டையாகக் குட்டையாக மழைத்துளி அதைக் குடித்துவிடும், சிதறடித்துவிடும். கேபிள்காரர் வைத்திருந்த சி-பேண்டு தட்டுக்கு வரும் அலை 7 சென்டிமீட்டருக்கு மேல். மழை அதை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. ஆனால் அதற்கு ஆளுயரத் தட்டு வேண்டும். இரண்டடித் தட்டில், ஏழை வீட்டு ஓட்டின்மேல் படம் வேண்டும் என்றால் மழையில் அதை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தப் பேரம் எனக்குச் சம்மதம். சம்மதமில்லாத இடம் ஒன்றே ஒன்று. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த இரவில், அது எங்கே நிற்கிறது என்று கடற்கரைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நேரத்தில், கரண்டு போவதற்கு முன்பே படம் போய்விட்டது. பேட்டரி ரேடியோ வைத்திருந்த வீட்டில்தான் பத்துப் பேர் கூடினோம். புயலைப் படம்பிடித்து அனுப்புவதும் வானத்தில் நிற்கிற ஒரு கோள்தான். அதன் படம் டெல்லிக்குப் போய், சென்னைக்குப் போய், மறுபடி வானத்துக்கு ஏறி, எங்கள் கூரைக்கு மேல் கடைசி நாலு கிலோமீட்டர் மழையில் நின்றுபோனது.

மழை இல்லாமலும் போகும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், காலை 11 மணி வாக்கில், மேகமே இல்லாத பளிச்சென்ற வெயிலில், சில நிமிடங்களுக்குப் படம் நின்றுவிடும். முதல் வருடம் எலி ஒயரைக் கடித்துவிட்டது என்று அம்மா தீர்மானித்தாள். தற்செயலாக அந்த நேரம் நான் மாடியில் இருந்தேன். எல்என்பியின் நிழல் தட்டின்மேல் விழுந்திருந்த இடத்தை அன்றைக்குத்தான் கவனித்தேன். சூரியன் அந்தக் கோளுக்கு நேர் பின்னால் வந்து நின்றிருக்கிறது. தட்டு கோளைப் பார்க்கிறபோது சூரியனையும் சேர்த்துப் பார்க்கிறது. சூரியனுடைய இரைச்சலில் கோளின் முணுமுணுப்பு கேட்காமல் போகிறது. அதே பருவத்தில் நள்ளிரவில் இன்னொன்று நடக்கிறது. கோள் பூமியின் நிழலுக்குள் போய்விடுகிறது, சில இரவுகளில் 72 நிமிடங்கள்வரை. அந்த இருட்டில் அது பேட்டரியில் ஓடுகிறது. நமக்கு எதுவும் தெரிவதில்லை. சமஇரவு நாட்கள் புத்தகத்தில் மட்டும் இருப்பதாக நினைத்திருந்த எனக்கு, சூரியன் நடுக்கோட்டைக் கடப்பதை வீட்டுக்குள் உட்கார்ந்து தெரிந்துகொள்ளும் வழி இது. அம்மாவுக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு பங்குனியில் படம் நின்றால், “சூரியன் குறுக்க வந்துட்டாரு” என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் உலை வைப்பாள்.

2010 ஜூலையில் நடந்தது பெரிய விஷயம். 2007இல் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்ட இன்சாட்-4பி கோளில் சூரியத் தகடுகளிலிருந்து மின்சாரம் வருகிற வழியில் கோளாறு ஏற்பட்டு, அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் 24 டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்க வேண்டியதாயிற்று. அதன்மேல் நடந்துகொண்டிருந்த டிடிஎச் சேவைக்கு மலேசியாவின் மீசாட்-3 கைகொடுத்தது. அது 91.5 டிகிரியில் நின்ற கோள், பழையது 93.5. வானத்தில் இரண்டு டிகிரி என்பது தட்டில் ஒரு விரல் அகலம்கூடக் கிடையாது. அந்த ஒரு விரல் அகலத்துக்காக எங்கள் தெருவில் கூரை கூரையாக ஆள் ஏறினார்கள். வானத்தில் ஒன்று பழுதானால் அதைச் சரிசெய்யக் கீழே லட்சக்கணக்கான மாடிகளில் மனிதர்கள் ஏற வேண்டியிருக்கிறது. அந்த மனிதர்களைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. சம்பளம் கிடையாது, ஒரு வேலைக்கு இவ்வளவு என்று கூலிதான். ஓட்டுக்கூரையில் கால் வைக்கும் இடம் தெரிந்து வைக்க வேண்டும். மேலே போகிற மின்கம்பியைப் பார்க்க வேண்டும்.

இனி காசு விஷயத்துக்கு வருகிறேன். ரீசார்ஜ் பண்ணிய பிறகும் சில நேரம் படம் வராது. “பாக்ஸ ஆன் பண்ணியே வைங்க, அரை மணி நேரத்துல வந்துரும்” என்று கடையில் சொல்வார்கள். ஏன் ஆன் பண்ணியே வைக்க வேண்டும் என்று விசாரித்தபோதுதான் இந்தச் சேவையின் அடிப்படையே எனக்குப் புரிந்தது. நம் பாக்ஸ் கம்பெனியோடு பேசுவதே இல்லை. பேச அதற்கு வழியில்லை. இன்ன எண்ணுள்ள கார்டுக்கு இன்னின்ன சேனலைத் திறந்துவிடு என்ற உத்தரவு, படத்தோடு படமாகக் கோளிலிருந்து நாடு முழுவதற்கும் பொழிகிறது. எல்லா வீட்டு பாக்ஸ்களும் எல்லோருக்குமான உத்தரவுகளையும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. தன் எண் வரும்போது மட்டும் எடுத்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் பாக்ஸ் அணைந்திருந்தால் உத்தரவு நம்மைக் கடந்து போய்விடும். பிறகு போன் பண்ணி ‘ரெஃப்ரெஷ்’ கேட்டால் இன்னொருமுறை அனுப்புவார்கள். தட்டுக்குக் காது மட்டும் உண்டு, வாய் இல்லை. மழையில் படம் போனது அவர்களுக்குத் தெரியாது. எல்என்பிக்குள் தண்ணீர் இறங்கியது தெரியாது. வீட்டில் ஆள் இருக்கிறாரா என்பதுகூடத் தெரியாது.

நெடுநாள் வாடிக்கையாளன் என்ற சொல்லுக்கு இங்கே மதிப்பில்லாமல் போவது இதனால்தான் என்று நினைக்கிறேன். கேபிள்காரர் தீபாவளிக்கு வந்தால் திண்ணையில் உட்காருவார். சாவு விழுந்த வீட்டில் அந்த மாதம் காசு கேட்கமாட்டார். எங்கள் கம்பெனிக்கு நாங்கள் ஒரு கார்டு எண். கெடு முடிகிற நாள் நள்ளிரவில், அது பொங்கலாக இருந்தாலும் திருவிழாவாக இருந்தாலும், படம் நின்று இங்கிலீஷில் ஒரு கட்டம் வரும். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாத ஒரு பெண்ணிடம் அவளுக்குப் புரியாத எழுத்தில் காசு கேட்பதை எந்தக் காலத்திலும் என்னால் ஏற்க முடியவில்லை. கஸ்டமர் கேரில் தமிழில் பேசுபவர் கிடைத்தால் அன்பாகத்தான் பேசுவார். ஆனால் புதிதாகச் சேர்பவருக்கு முதல் மாதங்கள் இலவசம், பழையவருக்கு அது பொருந்தாது என்பதை அந்த அன்பான குரலிலேயே சொல்வார். 2008இலிருந்து இருக்கிறோம் என்று சொன்னேன். “சிஸ்டத்துல காட்டுது சார்” என்றார். காட்டியது, அவ்வளவுதான்.

2019 பிப்ரவரி 1ஆம் தேதி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த புதிய கட்டண முறையை நான் கொள்கையளவில் வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். அதுவரை கம்பெனி கட்டிக்கொடுத்த மூட்டையை அப்படியே வாங்க வேண்டும். யாரும் பார்க்காத நூறு சேனலுக்கும் காசு. புதிய விதியில் ஒவ்வொரு சேனலுக்கும் விலை எழுதிப்போட வேண்டும், வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 100 சேனல்வரை ஏந்திக்கொள்ளவே அப்போது மாதம் 130 ரூபாய். வரியோடு 153 ரூபாய் 40 காசு. இலவச சேனல்களை மட்டும் பார்க்கிற வீடும் அதைக் கட்டியாக வேண்டியிருந்தது. ஹெச்.டி. சேனல் ஒன்று இரண்டாகக் கணக்கானது. எங்கள் ஊரில் அந்த மாதம் நடந்ததைப் பார்த்தவன் நான். பெரியவர்கள் ரீசார்ஜ் கடை வாசலில் நோட்டுத்தாளில் சேனல் பெயர் எழுதிக்கொண்டு நின்றார்கள். ஒரு பெரியவர் பெயர் தெரியாமல், “அந்தக் காலைல தேவாரம் பாடுவாங்கல்லப்பா, அது” என்று விளக்கிக்கொண்டிருந்தார். கடைக்காரப் பையன் பொறுமையாகத் தேடிக் கொடுத்தான். தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்தவர்கள், அந்த உரிமையை வயதானவர்கள் கையாள ஒரு மொழியைக் கொடுத்திருக்க வேண்டும். பலர் அலுத்துப்போய், கம்பெனி கட்டிவைத்த புது மூட்டையையே வாங்கிக்கொண்டு போனார்கள்.

எங்கள் வீட்டில் அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். காஷ்மீர் போகக் கூடாது.

அவள் சொன்னது டிடி காஷிர் சேனலை. மதியம் சாப்பிட்டுவிட்டு அவள் ரிமோட்டை எடுத்துக்கொண்டு தூர்தர்ஷன் சேனல்கள் அடுக்கியிருக்கிற வரிசைக்குப் போய்விடுவாள் என்று எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. காஷ்மீரில் பனி கொட்டுவதையும், பெண்கள் கூடி ஆடிப் பாடுவதையும் பார்ப்பாள். ஆனி வாக்கில் டிடி ஒடியாவில் பூரித் தேர். வடகிழக்கிலிருந்து வருகிற அருண்பிரபாவில் தறி நெய்வதைப் பார்ப்பாள். மொழி ஒன்றும் தெரியாது. “கை போற வேகத்தப் பாரு” என்பாள். தூர்தர்ஷன் சேனல்களை எல்லாக் கம்பெனியும் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்ற விதி இருந்ததால் அவளுடைய காஷ்மீர் பிழைத்தது. ரூபவாஹினிக் காலத்தில் புரியாத நாடகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அதே பெண் இவள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

போன வருடம் என் மகன் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு போட்டுக்கொடுத்தான். இன்று கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கமும் ஒயர் வந்துவிட்டது. அதை இழுத்துக்கொண்டு வந்தவரும் தட்டு மாட்டிக்கொடுத்த அதே தம்பிதான். மழையில் நிற்பதில்லை. படம் அருமை. இரண்டாம் நாள் டிவியைப் போட்டதும் முகப்பிலேயே பக்திப் படங்களும் அம்மன் பாட்டும் வரிசையாக வந்து நின்றன. “நான் முந்தாநாள் அம்மன் படம் பாத்தது இதுக்கு யாரு சொன்னா?” என்று அம்மா கேட்டாள். அதுவே பார்த்துத் தெரிந்துகொள்கிறது என்று பேரன் சொன்னான். அவளுக்கு அது பிடிக்கவில்லை. பயம் இல்லை, மரியாதைக் குறைவாக நினைத்தாள். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறவர்களை அவளுக்கு எப்போதுமே பிடிக்காது.

அவள் கேள்வியோடு நான் பல நாள் இருந்தேன். இத்தனை ஆண்டுகள் டிடிஎச்சின் பெரிய குறை என்று நான் நினைத்துவந்தது, நாம் சொல்வது அங்கே போய்ச்சேராது என்பதைத்தான். அதே குறைதான் எங்கள் வீட்டு நடுமதியத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ராமநாதபுரத்துக் கிழவி ஒருத்தி காஷ்மீரத்துப் பனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அந்தக் கோளுக்குத் தெரியாது, கம்பெனிக்குத் தெரியாது, விளம்பரக்காரனுக்குத் தெரியாது. டிஆர்பி எடுப்பவர்கள் நாடு முழுவதும் சில பத்தாயிரம் வீடுகளில் மீட்டர் வைத்து மற்றவர்களை ஊகிக்கிறார்கள். அந்த ஊகத்துக்குள் அவள் இல்லை. அவள் பார்த்தது எங்கும் பதிவாகவில்லை. அம்மன் படம் பார்த்தவளுக்கு மேலும் அம்மன் படம் கொடுக்கிற ஏற்பாடு, அவளைக் காஷ்மீருக்கு ஒருநாளும் கூட்டிப்போயிருக்காது. ரிமோட்டில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகும்போது கை தவறி நின்ற இடம் அது. அப்படித் தவறி நிற்க ஒரு வெளி வேண்டும். நம் விருப்பத்தை அறியாத ஒன்று நமக்கு முன்னால் எல்லாவற்றையும் பரப்பி வைக்கும்போதுதான் அந்த வெளி கிடைக்கிறது. கேட்பாரற்ற சேவை என்று நான் கோபப்பட்டது நியாயம். கஸ்டமர் கேருக்கும் கட்டணத்துக்கும் அந்தக் கோபம் இன்னும் உண்டு. ஆனால் குறைகளைக் கேட்கும் காது வேறு, நடுவீட்டை எட்டிப் பார்க்கும் கண் வேறு. முன்னதைத் தராமலே இருந்துவிட்டு, இப்போது பின்னதைத் தருகிறார்கள்.

மாதாமாதம் காசு கட்டும் டிடிஎச் இணைப்புகள் 2020 வாக்கில் நாட்டில் சுமார் 7 கோடி இருந்தன. 2025இல் 6 கோடிக்குக் கீழே வந்துவிட்டன. விட்டுப்போனவர்கள் சிலர் ஃபைபருக்கும் போனுக்கும் போனார்கள், வசதி குறைந்தவர்கள் கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்குப் போனார்கள். ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்களுக்கு இடம் ஏலத்தில் விடப்படுகிறது; ஏலத்தில் எடுப்பவை பெரும்பாலும் இந்திச் சேனல்கள்; தமிழ் வீட்டுக்கு அதில் கிடைப்பது சொற்பம். இது மாற வேண்டும், மாற்ற முடியும். கடைசி வீட்டுக்கென்று தொடங்கிய ஒரு பொதுச்சேவையில் இடத்தை ஏலத்தொகை மட்டும் தீர்மானிக்கக் கூடாது. மொழிக்கு இத்தனை இடம் என்று ஒதுக்கி வைப்பது பெரிய காரியமே அல்ல.

எங்கள் ஊர்ப் பரண்களில் பழைய பாக்ஸ்கள் இருக்கின்றன. ஒன்றும் கெடவில்லை, கம்பெனி மாறியபோது பயனற்றுப் போனவை. ஒரு கம்பெனி பாக்ஸ் இன்னொன்றுக்கு ஆகாது. எதில் வேண்டுமானாலும் வேலைசெய்கிற பாக்ஸ் வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. அது இன்னும் எங்கள் ஊர்க் கடைக்கு வரவில்லை. தட்டைக் கழற்றிக்கொண்டு போகவும் யாரும் வருவதில்லை. போல்ட் துருப்பிடித்து, ஒயர் அறுந்து, எத்தனையோ வீடுகளில் அது அப்படியே தென்கிழக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஃபைபர் இருக்கும்போதும் நான் டிடிஎச் ரீசார்ஜை நிறுத்தவில்லை. மகனுக்கு அது வீண்செலவு. எங்களுக்கு மேலே 93.5 டிகிரியில் இப்போது நிற்கிற ஜிசாட்-15, 2015 நவம்பரில் ஏவப்பட்டது. ஃப்ரீ டிஷ் அதிலிருந்துதான் வருகிறது. அதற்கு எழுதிக்கொடுத்த ஆயுள் 12 ஆண்டு. 2027இல் அந்தக் கணக்கு முடிகிறது. கோள்கள் சொன்ன ஆயுளுக்கு மேலும் சில ஆண்டுகள் உழைப்பதுண்டு. ஆனால் புதிதாக ஒன்றைக் கட்டி ஏவ ஆண்டுகள் ஆகும். பார்க்கிற வீடுகள் குறைந்துகொண்டே போனால், இவ்வளவு செலவு எதற்கு என்று ஒரு மேஜையில் யாராவது கேட்பார்கள். அந்த மேஜையில் கணக்கு எடுக்கும்போது எங்கள் வீடும் ஒரு எண்ணாக இருக்க வேண்டும். கண்மாய்க் கரையில் எங்கள் பக்கம் ஒயர் வந்துவிட்டது. இன்னும் வராத வீடுகள் தீவுகளிலும் மலைகளிலும் இருக்கின்றன. அதற்காகத்தான் கட்டுகிறேன்.